கடைசியாகத் தின்றதுதான் காரணமா? உணவால் நோய் பரவுவதும் பாக்கெட்டுகள் திரும்பப் பெறப்படுவதும்

ராத்திரி ஒரு மணிக்கு வயிற்றைப் புரட்டிக்கொண்டு வருகிறது. வாந்தி, கூடவே பேதி. விடிவதற்குள் குற்றவாளி யாரென்று முடிவாகிவிடும்: ராத்திரி சாப்பிட்டது. "அதைத் தின்னதிலிருந்துதான் இப்படி" என்று நாமே விசாரித்து நாமே தீர்ப்பும் சொல்லி, அந்தக் கடைப்பக்கமே இனி தலைவைத்துப் படுப்பதில்லை என்று சபதமும் எடுத்துவிடுவோம்.

பல நேரம் இந்தத் தீர்ப்பு தப்பு. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

கிருமி உள்ளே போவதற்கும் வயிறு கலங்குவதற்கும் நடுவே ஓர் இடைவெளி உண்டு. நோயரும்பு காலம் என்பார்கள். கிருமிக்குக் கிருமி இது மாறும். ஸ்டாஃபிலோகாக்கஸ் விடும் நஞ்சு அரை மணியிலிருந்து எட்டு மணி நேரத்துக்குள் வேலையைக் காட்டிவிடும். நோரோவைரஸுக்கு 12 முதல் 48 மணி நேரம். சால்மோனெல்லாவுக்கு ஆறு மணி நேரமும் ஆகலாம், ஆறு நாளும் ஆகலாம். ஈ.கோலை இனத்தில் மோசமான வகைக்குப் பெரும்பாலும் மூன்று நான்கு நாள். ஹெப்படைட்டிஸ் ஏ என்றால் 15 முதல் 50 நாள். லிஸ்டீரியா இன்னும் நிதானமானது. சிலருக்கு 70 நாள் கழித்துக்கூட நோய் வெளிப்படும்.

ஆக, இன்று படுக்கவைத்த கிருமி போன வாரம் உள்ளே போனதாக இருக்கலாம். போன செவ்வாய்க்கிழமை மதியம் என்ன சாப்பிட்டீர்கள்? எனக்கு என்னுடையது நினைவில்லை. உணவால் வரும் நோயைத் துப்பறிகிற வேலையின் பாதிக் கஷ்டம் இந்த மறதியில்தான் இருக்கிறது. 'இந்தப் பாக்கெட்டை யாரும் சாப்பிட வேண்டாம், திருப்பிக் கொடுத்துவிடுங்கள்' என்று செய்தியில் ஓர் அறிவிப்பைப் பார்க்கிறோமே, ரீகால் என்று, அது ஏன் எப்போதும் தாமதமாகவே வந்து சேர்கிறது என்பதற்கும் பதில் இங்கேதான் தொடங்குகிறது.

மூக்குக்குத் தெரியாதது

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஊசிப்போனது வேறு, கிருமி ஏறியது வேறு. ஊசிப்போன சாப்பாட்டை மூக்கே காட்டிக்கொடுத்துவிடும்: புளித்த வாடை, நூல்நூலாக இழுக்கும் பிசுபிசுப்பு, மேலே பூஞ்சை. அதைச் செய்யும் நுண்ணுயிர்கள் பெரும்பாலும் வேறு கூட்டம். ஆளைப் படுக்கவைக்கும் சால்மோனெல்லாவும் லிஸ்டீரியாவும் ஏறிய உணவு பார்க்க, முகர, ருசிக்க நன்றாகவே இருக்கும். 'மோந்து பார்த்தேன், நல்லாத்தான் இருந்தது' என்பது இந்த விஷயத்தில் சாட்சியே இல்லை.

அடுத்த நம்பிக்கை, கொதிக்க வைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பது. முக்கால்வாசி சரிதான். உணவின் நடுப்பகுதி வரை 70 டிகிரி செல்சியஸ் எட்டினால் பெரும்பாலான கிருமிகள் செத்துவிடும். ஆனால் சில கிருமிகள் சாவதற்கு முன்பே உணவில் நஞ்சைக் கக்கி வைத்துவிடும். கிருமி போனாலும் நஞ்சு அங்கேயே கிடக்கும். அடுப்புச் சூட்டுக்கு அது மசியாது.

இதற்கு 2000-ஆம் ஆண்டு ஜப்பானில் நடந்ததைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. ஸ்னோ பிராண்ட் நிறுவனத்தின் கொழுப்பு குறைந்த பாலைக் குடித்து ஒசாகா பக்கத்தில் 13,000-க்கும் மேற்பட்டோர் நோயில் விழுந்தார்கள். தேடிக்கொண்டு போனால் தடம் ஹொக்கைடோ தீவில் தைக்கி என்ற ஊரில் இருந்த தொழிற்சாலைக்குப் போய் நின்றது. அங்கே அந்த மார்ச் மாதம் சுமார் மூன்று மணி நேரம் மின்சாரம் போயிருக்கிறது. குளிரில் இருக்க வேண்டிய பால் குழாய்களிலும் தொட்டிகளிலும் வெதுவெதுப்பாகத் தேங்கியது. ஸ்டாஃபிலோகாக்கஸ் பெருகியது, நஞ்சை விட்டது. மின்சாரம் திரும்பியதும் அந்தப் பாலைச் சூடாக்கிப் பவுடராக்கினார்கள். கிருமிகள் செத்தன. நஞ்சு பவுடரோடு மூட்டையில் ஏறி, மாதக்கணக்கில் காத்திருந்து, வேறோர் ஊரில் பாலில் கலந்தது. மார்ச் மாத மின்தடைக்கு ஜூன் கடைசியில் குழந்தைகள் வாந்தி எடுத்தார்கள். பாலை வீட்டில் எவ்வளவு காய்ச்சியிருந்தாலும் பயன் இருந்திருக்காது.

உலர்ந்த பொருளில் கிருமி இருக்காது என்பதும் அரைகுறை உண்மையே. உலர்ந்த இடத்தில் அது பெருகாது. ஆனால் சாகாமல் மாதக்கணக்கில் கிடக்கும். சாக்லேட், பால்மாவு, வேர்க்கடலை வெண்ணெய், வெறும் கோதுமை மாவு எல்லாவற்றிலும் இப்படி நடந்திருக்கிறது. 2016-இல் அமெரிக்காவில் சமைக்காத மாவில் ஈ.கோலை இருந்து 60-க்கும் மேற்பட்டோருக்கு நோய் வந்தது. கேக் மாவைக் குழைக்கும்போதே விரலால் வழித்து நக்குகிற பழக்கம் பலருக்கு உண்டு, எனக்கும் இருந்தது. மாவு என்பது வயலிலிருந்து வந்த தானியத்தை அரைத்தது. இடையில் அதை யாரும் வேகவைக்கவில்லை.

ஃபிரிட்ஜும் முழுக் காவல் இல்லை. பல கிருமிகளை அது மந்தமாக்கும். ஆனால் லிஸ்டீரியாவை முழுதாக நிறுத்தாது. நான்கு டிகிரிக் குளிரிலும் அது மெதுவாகப் பெருகிக்கொண்டிருக்கும்.

ஒருவருக்கு வந்தால் உபாதை, பலருக்கு வந்தால்?

உலகம் முழுக்க ஆண்டுக்குச் சுமார் 60 கோடிப் பேர் கெட்ட உணவால் நோய்வாய்ப்படுகிறார்கள், 4,20,000 பேர் இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் கணக்கிட்டுச் சொன்னது. இறப்பவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். இவற்றில் பெரும்பாலானவை தனித்தனிச் சம்பவங்கள். ஒரே உணவால் இரண்டு பேருக்கோ அதற்கு மேற்பட்டோருக்கோ ஒரே நோய் வந்தால்தான் அதை 'நோய்ப்பரவல்' என்று தனியாக எண்ணுகிறார்கள்.

இதில் இரண்டு வகை. ஒரே விருந்தில் சாப்பிட்ட 200 பேரும் மறுநாள் ஆஸ்பத்திரி வாசலில் நிற்பது ஒன்று. அதைக் கண்டுபிடிக்கத் துப்பறிவாளர் வேண்டாம். மற்றது பெரிய தொழிற்சாலை வகை. ஒரு பொருள் நூறு ஊருக்குப் போகும். ஊருக்கு ஒருவருக்கோ இருவருக்கோ நோய் வரும். எந்த ஊர் டாக்டருக்கும் தன்னிடம் வந்தவர் தனி ஆளாகவே தெரிவார். இரண்டாவது வகைதான் ஆபத்து அதிகம், வெளியே தெரிவதோ குறைவு.

1994-இல் அமெரிக்காவில் ஓர் ஐஸ்கிரீம் நிறுவனத்துக்கு நடந்ததைப் பாருங்கள். ஐஸ்கிரீம் கலவை பாஸ்டரைஸ் செய்யப்பட்டது, அதாவது சூடாக்கிக் கிருமி போக்கியது, சுத்தமானது. அதை ஏற்றிவந்த டேங்கர் லாரிகள் அதற்கு முந்தைய நடையில் பாஸ்டரைஸ் செய்யாத, ஓடு நீக்கிய திரவ முட்டையை ஏற்றியிருந்தன. கழுவியது போதவில்லை. நாடு முழுக்க ஏறக்குறைய 2,24,000 பேருக்கு சால்மோனெல்லா வந்திருக்கும் என்று பிறகு மதிப்பிட்டார்கள். பால் பண்ணையும் தொழிற்சாலையும் ஒழுங்காகத்தான் இருந்தன, கோளாறு லாரியில்.

இவ்வளவு பேருக்கு வந்தால் உடனே தெரிந்துவிடாதா என்று தோன்றும். தெரியாது. வயிற்றுப்போக்குக்கு எத்தனை பேர் டாக்டரிடம் போகிறோம்? போனாலும் எத்தனை பேருக்கு மலப் பரிசோதனை எழுதித் தருகிறார்கள்? ஆய்வுக்கூடத்தில் உறுதியாகும் ஒவ்வொரு சால்மோனெல்லா நோயாளிக்கும் பின்னால் கணக்கில் வராதவர்கள் சுமார் 29 பேர் இருப்பார்கள் என்பது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் மதிப்பீடு. கண்ணில் படுகிறவர்கள் அந்த முப்பதில் ஒருவர்தான்.

வெந்தயத்தைத் தேடி

துப்பறிதல் எப்படி நடக்கிறது, எங்கே வழுக்குகிறது என்று புரிய, ஜெர்மனியின் 2011-ஆம் ஆண்டுக் கதை ஒன்று போதும்.

மே மாதத்தில் வட ஜெர்மனி ஆஸ்பத்திரிகளில் ரத்தப் பேதியோடு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. வழக்கமாக இந்த வகை ஈ.கோலை குழந்தைகளைத்தான் அதிகம் தாக்கும். இந்த முறை வந்தவர்களில் பெரும்பாலோர் வளர்ந்த பெண்கள். இது அதுவரை அரிதாகவே பார்த்திருந்த ஓ104:எச்4 என்ற வகை.

விசாரணைக்காரர்கள் வழக்கமான முறையில் இறங்கினார்கள். நோயாளிகளிடம் நீண்ட கேள்வித்தாள்: கடந்த இரண்டு வாரத்தில் என்னென்ன சாப்பிட்டீர்கள்? அதே வயது, அதே ஊர், நோய் வராத ஆட்களிடமும் அதே கேள்விகள். இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்தால், நோயாளிகள் பக்கம் மட்டும் தூக்கலாகத் தெரிவது எது என்று பார்க்கலாம். நோய் வராதவர்களை ஏன் கேட்க வேண்டும்? எல்லா நோயாளிகளும் தண்ணீர் குடித்திருப்பார்கள், ரொட்டி தின்றிருப்பார்கள். ஊரே செய்வதை நோயாளியும் செய்திருந்தால் அது காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். ஒப்பிட ஆள் இல்லாமல் பொதுவானதையும் காரணத்தையும் பிரிக்க முடியாது.

தக்காளி, வெள்ளரி, பச்சைக் கீரை மூன்றும் மேலே வந்தன. மே 26 அன்று ஹாம்பர்க் நகர அதிகாரிகள், ஸ்பெயினிலிருந்து வந்த வெள்ளரிக்காயில் ஈ.கோலை இருந்ததாக அறிவித்தார்கள். இருந்தது உண்மைதான், ஆனால் அது வேறு வகை ஈ.கோலை. சில நாளிலேயே அது தெரிந்துவிட்டது. அதற்குள் ஐரோப்பா முழுக்க வெள்ளரிக்காய் விற்பனை படுத்துவிட்டது. ஸ்பெயின் விவசாயிகள் விளைச்சலை அப்படியே கொட்டி அழித்தார்கள். காய்கறி விவசாயிகளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 20 கோடி யூரோவுக்கு மேல் இழப்பீடு கொடுக்க வேண்டியிருந்தது.

உண்மைக் குற்றவாளி ஏன் பட்டியலில் மேலே வரவில்லை? அது சாலட் மேல் தூவப்பட்ட ஒரு சிட்டிகை முளைகட்டிய விதை. தட்டில் வெள்ளரிக்காய் இருந்தது நினைவிருக்கும். மேலே தூவியது நினைவிருக்காது. நோயாளிகளில் நான்கில் ஒருவருக்குத்தான் முளைவிதை சாப்பிட்ட ஞாபகமே இருந்தது.

இந்த மறதியைச் சுற்றிக்கொண்டு போக ஒரு நல்ல வழி கண்டார்கள். நோயாளிகளை விட்டுவிட்டுச் சமையற்காரர்களைக் கேட்டார்கள். கூட்டமாக வந்து ஒரே உணவகத்தில் சாப்பிட்டவர்களில் சிலருக்கு நோய் வந்திருந்தது, சிலருக்கு வரவில்லை. அவர்கள் என்ன ஆர்டர் கொடுத்தார்கள் என்பது பில்லில் இருந்தது. சிலர் தட்டைப் படம் பிடித்தும் வைத்திருந்தார்கள். ஒவ்வொரு பதார்த்தத்திலும் எதெது, எவ்வளவு சேரும் என்பது சமையற்காரருக்கு மனப்பாடம். பில்லையும் சமையல் குறிப்பையும் பொருத்தியபோது விடை வந்தது: முளைவிதை பரிமாறப்பட்டவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட 14 மடங்கு. நோயாளி ஒருவர்கூட விடாமல் எல்லோர் தட்டிலும் அது இருந்தது. ஜூன் 10 அன்று அறிவிப்பு வந்தது.

அந்த முளைகள் கீழ் சாக்சனி மாநிலத்தில் ஒரு பண்ணையில் வளர்ந்தவை. அதே மாதம் பிரான்ஸில் போர்தோ அருகே ஒரு சிறு கூட்டத்துக்கு அதே கிருமி வந்தது; அவர்கள் ஜெர்மன் பண்ணையின் முளையைத் தொட்டதே இல்லை. இரண்டு இடத்துக்கும் பொதுவாக இருந்தது விதை மட்டும். எகிப்திலிருந்து வந்த வெந்தயம். விதையில் ஒட்டியிருந்த கொஞ்சம் கிருமிக்கு, முளைகட்டுவதற்கு வேண்டிய ஈரமும் கதகதப்பும் பெருக வசதியாகிவிட்டன. முடிவில் ஜெர்மனியில் 3,800-க்கும் மேற்பட்டோர் நோயுற்று 53 பேர் இறந்திருந்தார்கள்.

இதைப் படிக்கும்போதெல்லாம் ஹாம்பர்க் அதிகாரிகள் மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. ஆட்கள் செத்துக்கொண்டிருக்கும்போது சந்தேகத்தை வெளியே சொல்லாமல் இருந்திருந்தால் என்ன கேள்வி கேட்டிருப்போம் என்று யோசித்துப் பார்க்கிறேன். சீக்கிரம் சொன்னால் தப்பாகப் போகலாம். உறுதியாகும்வரை காத்திருந்தால் இன்னும் நாலு பேர் தின்பார்கள். எந்த நாட்டு அதிகாரிக்கும் இந்தத் தராசு ஒரேபோல்தான் ஆடும்.

கிருமியின் கைரேகை

கேள்வித்தாள் மனித நினைவை நம்பியது. இன்னொரு சாட்சி கிருமியே. 1993-இல் அமெரிக்காவில் சரியாக வேகாத ஹாம்பர்கரால் 700-க்கும் மேற்பட்டோர் நோயுற்று நான்கு குழந்தைகள் இறந்தபோது, வெவ்வேறு ஆட்களிடம் கிடைத்த கிருமி ஒரே வம்சமா என்று டிஎன்ஏ வைத்துப் பார்க்கும் முறை கைகொடுத்தது. அதைத் தொடர்ந்து 1996-இல் பல்ஸ்நெட் என்ற ஆய்வுக்கூட வலையமைப்பு தொடங்கியது. இன்று கிருமியின் மரபணுத்தொகுதி முழுவதையும் எழுத்தெழுத்தாகப் படித்துவிடுகிறார்கள். ஒன்றுக்கொன்று ஆயிரம் கிலோமீட்டர் தள்ளிப் படுத்திருக்கும் இரண்டு நோயாளிகளின் கிருமி ஏறக்குறைய ஒரே எழுத்தாக இருந்தால், இருவரும் ஒரே மூலத்திலிருந்து வாங்கியிருக்கிறார்கள் என்று நம்பலாம்.

தென்னாப்பிரிக்காவில் 2017-இல் லிஸ்டீரியா நோயாளிகள் திடீரெனக் கூடினார்கள். மரபணுவைப் பார்த்ததில் பெரும்பாலோரிடம் ஒரே வம்சம். ஆனால் எந்த உணவு? நோய் வெளிப்பட வாரக்கணக்கில் ஆவதால் நோயாளிகளின் நினைவு உதவவில்லை. 2018 ஜனவரியில் சோவெட்டோவில் ஒரு குழந்தைகள் காப்பகத்துப் பிள்ளைகள் சிலர் காய்ச்சலும் வயிற்றுப்போக்குமாக ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். ஒரு குழந்தையிடம் லிஸ்டீரியா கிடைத்தது. காப்பகத்து ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்தால் போலோனி என்ற, அப்படியே நறுக்கித் தின்னும் இறைச்சி உருளை. அங்கிருந்து பொலோக்வானே நகரத் தொழிற்சாலைக்குத் தடம் போனது. மார்ச் 4 அன்று பொருள் திரும்பப் பெறப்பட்டது. மொத்தம் 1,060 நோயாளிகள், 200-க்கும் மேற்பட்ட சாவுகள். லிஸ்டீரியாவுக்குக் கர்ப்பிணியின் வழியாகச் சிசுவைத் தாக்கும் கெட்ட குணம் உண்டு. நோயாளிகளில் கணிசமானோர் பிறந்து ஒரு மாதம்கூட ஆகாதவர்கள்.

இப்போது நாட்களைக் கூட்டிப் பாருங்கள். சாப்பிட்டு மூன்று நாளில் வயிறு கெடுகிறது. இரண்டு நாள் பொறுத்து டாக்டரிடம் போகிறோம். மாதிரி ஆய்வுக்கூடம் போய்க் கிருமி வளர்ந்து பெயர் தெரிய இன்னும் சில நாள். பிறகு அது தலைமை ஆய்வுக்கூடத்துக்குப் போய், மரபணு படிக்கப்பட்டு, மற்றவற்றோடு பொருந்த வேண்டும். ஒருவர் இந்தப் பரவலில் சேர்ந்தவர்தான் என்று உறுதியாக மூன்று நான்கு வாரம் ஆகிறது. அதனால்தான் ரீகால் அறிவித்த பிறகும் நோயாளிகளின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும். 'அறிவித்தும் பரவுகிறதே' என்று பதற வேண்டாம். இன்று கணக்கில் ஏறுகிறவர் போன மாதம் சாப்பிட்டவர்.

திரும்பப் பெறுவது யார்?

அரசாங்கம் லாரியோடு வந்து அள்ளிக்கொண்டு போகும் என்று நினைப்பவர்கள் உண்டு. பெரும்பாலான நாடுகளில் முதலில் அசைய வேண்டியது தயாரித்த நிறுவனம்தான். அரசுத் துறை சோதிக்கும், நெருக்கும், அறிவிப்பை வெளியிடும். அமெரிக்காவில் குழந்தைகளுக்கான பால்மாவு போன்ற சிலவற்றைத் தவிர மற்ற உணவுகளைக் கட்டாயமாகத் திரும்பப் பெறச் சொல்லும் அதிகாரமே உணவு மற்றும் மருந்து நிர்வாகத்துக்கு 2011-இல் கையெழுத்தான சட்டத்தில்தான் கிடைத்தது. அதிகாரம் இருந்தாலும் அதைப் பயன்படுத்துவது அபூர்வம். நிறுவனங்கள் அதற்கு முன்பே தாமாக முன்வருவதாகச் சொல்லிவிடும்.

பொருள் இன்னும் கிடங்கிலும் கடையிலுமே இருந்தால் சத்தமில்லாமல் எடுத்துவிடலாம். வீடுகளுக்குப் போய்விட்டது என்றால் மக்களிடம் சொல்லியாக வேண்டும். அதுதான் செய்தியில் வருவது. ஆபத்தைப் பொறுத்துத் தரமும் பிரிப்பார்கள். அமெரிக்க முறையில் முதல் வகுப்பு என்றால் உயிருக்கோ உடலுக்கோ கடும் கேடு வர நியாயமான வாய்ப்பு உண்டு என்று அர்த்தம். மூன்றாம் வகுப்பு என்றால் கேடு வர வாய்ப்பில்லை, விதி மீறல் மட்டும். அறிவிப்பில் எந்த வகுப்பு என்று முதலில் பார்த்துவிட்டுப் பயப்படுவது மேல்.

காரணம் எப்போதும் கிருமியும் இல்லை. பால், முட்டை, வேர்க்கடலை போன்ற ஒவ்வாமைப் பொருள் உள்ளே இருந்தும் லேபிளில் அச்சாகாமல் போவது மிகச் சாதாரணமாக நடக்கும் காரணங்களில் ஒன்று. மற்றவர்களுக்கு அது அச்சுப்பிழை, ஒவ்வாமை உள்ளவருக்கு உயிர்ப் பிரச்சினை. கண்ணாடித் துண்டு, உலோகச் சீவல், பிளாஸ்டிக் இதெல்லாம் இயந்திரத்திலிருந்து விழுவது. 2023-இல் அமெரிக்காவில் குழந்தைகளுக்கான ஆப்பிள் கூழ்ப் பைகளில் ஈயம் இருந்தது. அதில் சேர்த்த இலவங்கப்பட்டைத் தூளின் வழியாக வந்திருந்தது.

முதல் நாள் ஒரு பொருளை அறிவித்து, அடுத்த வாரம் பத்து, அதற்கடுத்த வாரம் நூறு என்று பட்டியல் நீள்வதைப் பார்த்து 'மறைக்கிறார்கள்' என்று தோன்றுவது இயல்பு. சில நேரம் மறைக்கவும் செய்கிறார்கள். ஆனால் வேறு காரணமும் உண்டு. 2008-09-இல் பீநட் கார்ப்பரேஷன் ஆஃப் அமெரிக்கா என்ற நிறுவனத்தின் வேர்க்கடலை விழுதில் சால்மோனெல்லா இருந்தது. அவர்கள் கடையில் விற்றவர்கள் அல்ல, பிற நிறுவனங்களுக்கு மூலப்பொருள் கொடுத்தவர்கள். பிஸ்கட், ஐஸ்கிரீம், மிட்டாய், நாய்த் தீனி என்று அது எதெதில் போய்ச் சேர்ந்தது என்று ஒவ்வொரு நிறுவனமாகக் கணக்குப் பார்க்கப் பார்க்கப் பட்டியல் 3,900 பொருள்களைத் தாண்டியது. 714 பேர் நோயுற்றார்கள், ஒன்பது பேர் இறந்தார்கள். இங்கே மறைப்பும் இருந்தது: கிருமி இருப்பது தெரிந்தே சரக்கை அனுப்பியதற்காக நிறுவனத் தலைவர் ஸ்டூவர்ட் பார்னலுக்கு 2015-இல் 28 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது.

இயந்திரம் சம்பந்தப்பட்ட ஒரு காரணமும் இருக்கிறது. திங்கட்கிழமை தயாரித்ததில் லிஸ்டீரியா என்று தெரிந்தால், செவ்வாய்க்கிழமைச் சரக்கு சுத்தம் என்று எப்படிச் சொல்வது? நடுவே இயந்திரத்தை முழுக்கப் பிரித்துக் கழுவியதற்கு ஆதாரம் வேண்டும். இல்லையென்றால் கடைசி முழுக் கழுவலிலிருந்து அடுத்த முழுக் கழுவல் வரை ஓடிய எல்லாமே சந்தேகப் பட்டியலில் ஏறும். லிஸ்டீரியா இயந்திர இடுக்குகளில் ஒட்டிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் வாழக்கூடியது.

அந்தச் சின்ன எண்

அறிவிப்பில் பெயரை மட்டும் பார்த்துவிட்டு, ஒன்று வீட்டில் இருப்பதையெல்லாம் தூக்கிப்போடுகிறோம், இல்லையென்றால் 'நம்ம பாக்கெட் இதா இருக்காது' என்று விட்டுவிடுகிறோம். பார்க்க வேண்டியது பேட்ச் நம்பர், ஒரே தடவையில் தயாரான சரக்குக்கு இடும் அடையாள எண். பாக்கெட்டின் ஓரத்தில், மடிப்பில், மூடிக்கு அடியில், பாதி அழிந்தாற்போல் புள்ளி அச்சில் இருக்குமே, அதுதான்.

அந்த எண் எவ்வளவு பேசும் என்பதற்கு: 2006-இல் அமெரிக்காவில் பையில் அடைத்த பசலைக்கீரையால் சுமார் 200 பேருக்கு ஈ.கோலை வந்தது. சில நோயாளிகளின் ஃபிரிட்ஜில் மிச்சக் கீரை பையோடு இருந்தது. கிருமி கிடைத்த பைகளில் இருந்த எண் P227A. P என்பது எந்த ஆலை, 227 என்பது ஆண்டின் 227-ஆம் நாள், அதாவது ஆகஸ்ட் 15, A என்பது எந்த ஷிஃப்ட். நாடு முழுக்க விற்ற கீரையில் ஒரே ஆலையின், ஒரே நாளின், ஒரே ஷிஃப்ட். அன்றைக்கு அங்கே வந்த கீரை எந்தெந்த வயலுடையது என்று பார்த்துக்கொண்டே போய் கலிஃபோர்னியாவில் ஒரு வயலில் நின்றார்கள். அருகே மேய்ந்த மாட்டின் சாணத்திலும் காட்டுப்பன்றியின் எச்சத்திலும் அதே கிருமி இருந்தது.

உங்கள் பாக்கெட் பட்டியலில் இருந்தால், ருசி பார்க்காதீர்கள், கொதிக்கவைத்துச் சமாளிக்கப் பார்க்காதீர்கள், நாய்க்கும் போடாதீர்கள். மூடிக் கட்டித் தனியே வையுங்கள். பல இடங்களில் கடையில் திருப்பிக் கொடுத்தால் பணம் தருவார்கள். உங்கள் நாட்டு அறிவிப்பில் என்ன சொல்லியிருக்கிறது என்று பாருங்கள். லிஸ்டீரியா என்றால் அது இருந்த ஃபிரிட்ஜ் தட்டையும் பக்கத்தில் இருந்த பாத்திரங்களையும் சோப்பும் வெந்நீரும் விட்டுக் கழுவ வேண்டும். ஃபிரீசரையும் உலர் அலமாரியையும் மறக்காதீர்கள். கீரையும் பாலும் அறிவிப்பு வருவதற்குள் தீர்ந்திருக்கும். உறைந்ததும் உலர்ந்ததும் மாதக்கணக்கில் அங்கேயே இருக்கும்.

ஏற்கெனவே தின்றுவிட்டீர்கள், உடம்பு நன்றாக இருக்கிறது என்றால் பெரும்பாலும் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. ரத்தப் பேதி, 39 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், தண்ணீர்கூடத் தங்காத வாந்தி, மூன்று நாளுக்கு மேல் நீளும் வயிற்றுப்போக்கு இதில் எது இருந்தாலும் டாக்டரிடம் போங்கள். போகும்போது இன்ன பொருள் சாப்பிட்டேன் என்று சொல்லுங்கள். கர்ப்பிணிகளும், முதியவர்களும், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களும் வெறும் காய்ச்சலாக இருந்தாலும் இரண்டு மாதம்வரை இதை ஞாபகம் வைத்திருக்க வேண்டும். யாராவது கேள்வித்தாளோடு போன் செய்தால் எரிச்சல்படாமல் பதில் சொல்லுங்கள். மேலே தூவியதையும் சேர்த்து.

என் வீட்டிலும் ஒரு தொல்லை உண்டு. மாவு, பருப்பு, பால்பவுடர் எது வாங்கினாலும் டப்பாவில் கொட்டிவிட்டுக் கவரைக் குப்பையில் போட்டுவிடுவோம். எண்ணும் அதோடு போய்விடும். பிறகு எந்த அறிவிப்பு வந்தாலும் டப்பாவைப் பார்த்து முழிப்பதுதான். ஒருமுறை அப்படி முழித்த பிறகு, கவரில் எண் இருக்கும் ஓரத்தை மட்டும் கத்தரித்து டப்பாவின் அடியில் டேப் போட்டு ஒட்டுகிறேன். போன வாரம் வாங்கிய மாவில் அச்சு அழிந்து கடைசி மூன்று எழுத்துதான் தெரிந்தது. அதையும் ஒட்டி வைத்திருக்கிறேன்.